நாலு மணி நேர மாவு

போன வாரம் வசமாக மாட்டிக்கொண்டேன். ஆலையில் பேட்டரி சோதனை நடந்துகொண்டிருந்தது. பேட்டரிக்கு எவ்வளவு தெம்பு என்று பார்க்க அதற்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் அல்லவா? அதற்கென்றே லோடு பேங்க் என்று ஓர் இரும்பு அலமாரி வைத்திருக்கிறோம். மின்சாரத்தை வாங்கி வெறும் அனலாக ஊதித் தள்ளுவது மட்டும்தான் அதன் வேலை. அந்த அனல் வரும் வழியில் என் சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல நின்றிருந்தேன். புதிதாகச் சேர்ந்த இன்ஜினீயர் பெண் பார்த்துவிட்டாள். "சார், கேன்டீன்ல மைக்ரோவேவ் இருக்கு" என்றாள் பரிவோடு.

அவளிடம் எப்படிச் சொல்வது? பேட்டரி சோதனை என்றாலே எனக்குப் பசிக்கும். அந்தச் சூட்டுக் காற்று முகத்தில் பட்டால் போதும், ஈரத் துணியில் இஸ்திரிப் பெட்டி ஏறும் வாசனையும் அடை வேகும் வாசனையும் ஒன்றாக வந்துவிடும். உங்களிடம் சொல்லலாம். சிரித்தாலும் பரவாயில்லை.

அப்போது எங்கள் ஆலை என்பது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் ஒரு தகரக் கொட்டகை. முதலாளி, டெக்னீஷியன் கன்னியப்பன், நான், அவ்வளவுதான். முதலாளிக்கு இன்வெர்ட்டர் பழுதுபார்ப்பதுதான் தொழில். வெயிலைப் பிடித்துப் பேட்டரியில் போட்டு வைக்கலாம் என்று அவரை உசுப்பிவிட்டது நான். கன்னியப்பனுக்குப் பொன்னேரி பக்கம் சொந்த நிலம். நடவு வந்தால் லீவு கேட்க மாட்டான், சொல்லிவிட்டுப் போவான்.

எங்கள் முதல் ஆர்டர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் குப்பத்தின் ஐஸ் அறை. வெயில் அடிக்கும்போது சூரியத் தகடு, மேகம் மூடினால் எங்கள் பேட்டரி. பத்து கிலோவாட், நாலு மணி நேரம் தாங்க வேண்டும். இதற்கு முன் யாரோ வைத்துக் கொடுத்த அறை மழை நாளில் படுத்துவிட, பிடித்த இறால் மொத்தமும் நாறிப்போயிருந்தது. அதனால் குப்பத்துச் சங்கத் தலைவர் தனவேல் கறாராகச் சொல்லிவிட்டார். "என் கண்ணு முன்னாடி நாலு மணி நேரம் ஓடணும். ஓடலன்னா உன் பொட்டி எங்களுக்கு வாணாம்." வேண்டாம் என்றால் முதலாளி பழையபடி பழுதுபார்க்கப் போய்விடுவார். என் வேலையும் சொந்தபந்தத்திடம் நான் அடித்த பெருமையும் அன்றோடு சரி.

அவர் வருவதற்கு முந்தின நாள் மதியம்தான், வாடகைக்கு லோடு பேங்க் சொல்லவே இல்லை என்று எனக்கு உறைத்தது. பேட்டரிக்குப் போட பூமாலை சொல்லியிருந்தேன். இதை மறந்துவிட்டேன். கன்னியப்பன் அசரவில்லை.

"லோடுன்னா இன்னா சார்? கரண்ட்டு துன்ற எதுனா ஒண்ணு. தெருவுல இல்லாததா? நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை தெருவே கொட்டகைக்கு வந்துவிட்டது. டிபன் கடை லட்சுமம்மா தலைமையில் ஐந்து கிரைண்டர், நாலு இஸ்திரிப் பெட்டி, டிரம் தண்ணீரில் போடும் ஹீட்டர் கம்பிகள், ஓர் இண்டக்ஷன் அடுப்பு. ஊறவைத்த அரிசி பருப்போடும் நனைத்த துணி மூட்டைகளோடும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். தனவேல் மொடமொடவென்று கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் நாற்காலியில் அமர்ந்து, இதையெல்லாம் முகம் மாறாமல் பார்த்தார்.

நான் ஒவ்வொன்றின் வாட்டையும் கூட்டிக் கணக்குச் சரி என்றேன். கன்னியப்பன் விசில் அடித்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட்டார்கள். டப்பென்று எல்லாம் நின்றுபோனது.

"இது நாலு மணி நேரமா?" என்றார் தனவேல்.

லட்சுமம்மா என் வயதுக்காரர்தான். ஆனால் ஆந்திர எல்லை ஆரம்பாக்கத்துப் பேச்சு, எல்லாரும் அவருக்கு நைனாதான். "இன்னா நைனா நீ! அரிசி ரொம்பின கல்லு எடுத்த எடுப்புல சுத்துமா? வெறுங் கல்லை உட்டுட்டு அப்பால அரிசியப் போடணும். ஒண்ணு ஒண்ணா போடு!" கிளம்பும்போது மோட்டார் ஐந்தாறு மடங்கு மின்சாரம் கேட்கும் என்று நானும் பரீட்சையில் எழுதியவன்தான்.

ஒவ்வொன்றாகப் போட்டோம். ஓடியது! அடடா, என்ன ஓட்டம்! கிரைண்டர் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை, ஆனாலும் எல்லாரும் பேசினார்கள். அரைத்த சூட்டில் அடை போட்டு தனவேலிடம் நீட்டினார்கள். முதலில் வேண்டாம் என்றவர் மூன்று சாப்பிட்டார்.

மூன்றே முக்கால் மணி நேரம் ஆனபோது துணி தீர்ந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டி சூடேறினால் தானாக அணைந்துகொள்ளும். ஈரத் துணி தேய்த்துக்கொண்டே இருந்தால்தான் அது மின்சாரம் இழுக்கும். மீட்டர் முள் பத்திலிருந்து சரசரவென்று இறங்கியது. பத்து இழுக்காவிட்டால் சோதனை செல்லாது. தேய்த்து மடித்ததை மறுபடி நனைக்கலாமா என்று கேட்டேன், பெண்கள் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன். என் சட்டை, கன்னியப்பன் சட்டை, முதலாளி சட்டை எல்லாம் போனது. மூவரும் பனியனோடு நின்றோம். இன்னும் கால் மணி நேரம். அழுகையே வந்துவிட்டது எனக்கு.

தனவேல் எழுந்தார். கிளம்பிவிட்டார் என்றே நினைத்தேன். மெதுவாகப் பொத்தான்களைக் கழற்றி, அந்தக் கஞ்சிச் சட்டையை வாளியில் முக்கிப் பிழிந்து நீட்டினார்.

"இந்தா, தேய்ச்சுக்கினே இரு. நிக்கக் கூடாது."

பிறகு துண்டு, தலைப்பாகை, லட்சுமம்மா கடையின் மேசை விரிப்பு என்று எதை எதையோ தேய்த்தோம். நாலு மணி நேரம் முடிந்தபோது போட்ட கூச்சலில் தகரக் கூரை அதிர்ந்தது. தனவேல் ஆவி பறக்கும் சட்டையை மாட்டிக்கொண்டு, "சட்ட சுடுது. ஆனா நல்லாக்கீது. எப்ப எடுத்துக்கினு வர்றே?" என்றார். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நிஜமாகவே சுட்டது.

அந்தக் கொட்டகை இப்போது ஏதோ கம்பெனியின் கிடங்கு. சாலையை அகலப்படுத்தியபோது லட்சுமம்மா கடை போய்விட்டது. எங்கே இருக்கிறார் என்று கன்னியப்பனுக்கும் தெரியவில்லை. ஐஸ் அறை இன்னும் ஓடுகிறது. இரண்டு வருடம் முன்பு அதற்குப் புதுப் பேட்டரி வைக்கப் போனேன். தனவேல் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அங்கேதான் சொன்னார்கள். எங்களுடைய பழைய பேட்டரியை லாரியில் ஏற்றி உருக்க அனுப்பினார்கள்.

போன வாரம் மைக்ரோவேவுக்குப் போகாமல் டப்பாவை அங்கேயே விட்டேன். அந்தப் பெண்ணின் கணினியில் சோதனை பாஸ் என்று வந்தது. அவள் அடுத்த பேட்டரிக்குப் போனாள். இன்று நாங்கள் செய்வது ஓர் ஊரையே தாங்கும், ஒருநாளும் நிற்பதில்லை. கடைசிக் கால் மணி நேரத்துக்கு யாரும் சட்டையைக் கழற்றித் தர வேண்டியதில்லை.