என் அறைக்கு வந்த எடை

எட்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் மேலாளராக இருந்தேன். பேக்கிங் பகுதியில் நூல் மூட்டைகளை எடைபோட ஒரே ஒரு எலக்ட்ரானிக் தராசு. அதன் சீரியல் வயர் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குப் போகும். எடைச்சீட்டு அங்கே அச்சாகும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒரு பெண், பதினோரு வருடமாக அந்த வேலையைப் பார்த்தார்.

நாற்காலியை விட்டு எழாமலே எடையைப் பார்க்க எனக்கு ஆசை. ஒரு சிறு பெட்டி வாங்கி, தராசை நெட்வொர்க்கில் இணைத்து, என் அறையிலும் தெரியும்படி செய்யச் சொன்னேன்.

பொருத்த வந்தவர், "ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்துல எடுத்தா கொழம்பும் சார். அதுக்கு வேற செட்டிங் போடணும். நாளைக்கு வாரேன்" என்றார்.

"இப்பவே தெரியுதே, போதும்" என்று அனுப்பிவிட்டேன்.

சில வாரங்களில் நூல் வாங்குபவர்களிடமிருந்து புகார் வந்தது. சீட்டில் உள்ள எடை மூட்டையில் இல்லையாம். சீட்டைவிடக் கூடுதல் எடையோடு போன மூட்டைகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அந்தப் பெண்ணை எல்லோர் முன்பும் கேட்டேன். "தராசுல ஒண்ணு காட்டுது, சீட்டுல வேற வருது சார். செத்த நேரம் வந்து நின்னு பாருங்க" என்றார்.

"ஏட்டி, மூட்டைக்குள்ள காத்தையா அடைச்ச?" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போய்ப் பார்க்கவில்லை. விலகல் கடிதம் எழுதி வாங்கினேன். நூலைத் திருடியவர் என்ற பெயரோடு போனார்.

அந்த இடத்துக்கு முதலாளியின் உறவினர் வந்தார். அவரும் அதையே சொன்னார். அவர் சொன்னதும் எழுந்து போனேன்.

பெட்டியைப் பொருத்திய ஆளையே மறுபடி வரவழைத்தேன். அவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். என் அறையில் அந்தத் திரை திறந்திருக்கும்போதெல்லாம் புது எடை எனக்கு வந்துவிடும். பேக்கிங் பகுதியில் முந்தைய மூட்டையின் எடையே அச்சாகும். நான் கண்காணித்ததுதான் கோளாறு. சரிசெய்யச் சொல்லிவிட்டு, யாரிடமும் மூச்சு விடவில்லை. முதலாளி என்னைக் கேட்பார் என்ற பயம்.

போன வருடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம். சாப்பிட்டு முடித்தபோது எச்சில் இலை எடுக்க வந்தவர் அந்தப் பெண்தான்.

"நல்லாருக்கீயளா சார்? அந்தத் தராசு சரியாயிருச்சா?"

"ஆயிருச்சும்மா."

"நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றபடி என் இலையை மடித்து எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

என்ன கோளாறு என்று கேட்டுவிடுவாரோ எனப் பயந்தேன். கேட்கவில்லை. கூப்பிட்டு நானாகச் சொல்லியிருக்கலாம். கை கழுவப் போனேன். எழுபத்திரண்டு வயதில், அவர் கேட்காத அந்தக் கேள்விக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அதுவும், இது அவர் கண்ணில் படாது என்ற தைரியத்தில்தான்.