நானே அழிக்க வேண்டிய குரல்

டீச்சரின் டேப் ரெக்கார்டரில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அதை அமுக்கிவிட்டுப் பேசினால் பழைய குரல் அழிந்து, அதன் மேல் புதியது ஏறிவிடும். “உனுக்கு ‘க’ வந்த அன்னிக்கு இத நீயே அமுக்கு கண்ணு. பழச நீயே அழிச்சிடு” என்று அவர் சொன்னபோது எனக்கு ஆறு வயது. என் வாயில் ‘க’ வராது, ‘த’தான் வரும். பாலகாட் தங்கச் சுரங்கத்தை ஒட்டி வரிசையாக இருந்த எங்கள் லைன் வீட்டுப் பிள்ளைகள் என்னைப் பேசவைத்துச் சிரிப்பதற்கென்றே கொய்யாப்பழம் கொண்டுவருவார்கள். முதல் நாள் டீச்சர் பதிந்தது, “தாத்தா தேஜுல தீழ போறாரு.” சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜில் தாத்தா கீழே போவதைத்தான் சொன்னேன்.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே டீச்சர் பேச்சுப் பயிற்சி கொடுத்தார். ஐஸ்குச்சியால் என் நாக்கின் நுனியை அழுத்திக்கொண்டு, “இப்ப சொல்லு” என்பார். அண்ணாந்து தொண்டையில் தண்ணீரை நிறுத்திக் கொப்பளிக்கச் சொல்வார். “அந்த எடத்துலதான் ‘க’ கீது, புடி.” குமட்டும், கண்ணில் நீர் முட்டும். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துவிடுவார். அம்மாவைவிட அவரைத்தான் எனக்குப் பிடித்திருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் ‘க’ வந்துவிட்டது. ஆசையாகப் பொத்தானை நோக்கி விரலை நீட்டினேன். “இருடி, விழா முடியட்டும்” என்றார்.

அவருடைய பயிற்சி அறையைப் பெரிதாக்கித் திறந்த விழா அது. நான் புதுப் பாவாடையில் மேடையேறினேன். என்னைப் பேசவிடுவதற்கு முன் அவர் டேப்பைப் போட்டார். “தாத்தா தேஜுல தீழ போறாரு” என்று ஒலிபெருக்கி அலறியது. கூட்டம் முழுக்கச் சிரித்தது, என் அம்மாவும் சிரித்தாள். பிறகு நான் அதையே திருத்தமாகச் சொன்னதை யார் கேட்டார்கள்? கைதட்டல் டீச்சருக்குப் போனது. மறுநாளிலிருந்து லைனில் என் பெயர் தேஜு. பொத்தானைப் பற்றி அவர் அப்புறம் வாயே திறக்கவில்லை.

இப்போது என் மகளுக்கும் ‘க’ வரவில்லை. நான் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறவள். ஊரிலேயே பயிற்சி கொடுக்க அதே டீச்சர்தான் இருந்தார். மனதைக் கல்லாக்கிக்கொண்டு போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, நானும் சொல்லிக்கொள்ளவில்லை. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போனை எடுத்தார்.

“மொதல்ல இத கேளு கண்ணு. எங்கிட்ட வர்ற பசங்க எல்லாருக்கும் இதத்தான் போட்டுக் காட்டுவேன்.”

டேப்பிலிருந்து போனுக்கு ஏற்றியிருந்த என் ஆறு வயதுக் குரல் அந்த அறையில் கேட்டது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“யாரு டீச்சர் இது?” என்று கேட்டேன்.

“யாரோ பாலகாட்டுப் பொண்ணும்மா. பேரு ஞாபகமில்ல.”

இத்தனை வருடமும் முகம் தெரியாத பிள்ளைகள் என்னைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர் அதற்குள் மகளின் பக்கம் திரும்பியிருந்தார்.

“இப்ப நீ பேசு கண்ணு. ‘க’ வந்த அன்னிக்கு நீயே அழிச்சிடலாம்.”

போன் திரையில் சிவப்பு வட்டம் தெரிந்தது. அவர் விரல் அதைத் தொடுவதற்குள் உள்ளங்கையால் மூடினேன்.

“அந்தக் கொழந்த நான்தான் டீச்சர்.”

என்னை உற்றுப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்தது.

“அய்யோ, நீயா! இன்னா அழகாப் பேசற பாரு! கைய எடும்மா, இதையும் பதிஞ்சிக்கறேன்.”