நாற்றம் போன பிறகு

கல்லூரியில் அவருக்கு வைத்த பெயர் முட்டை. வேதியியல் ஆய்வக உதவியாளர் என்ற பதவியெல்லாம் சம்பளப் பட்டியலில் இருந்ததோடு சரி. ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயுவைத் தயாரித்துத் தருவது அவர் வேலை. அந்த வாயு அழுகிய முட்டை மாதிரி நாறும். மாணவர்கள் பட்டப்பெயருக்காக மூளையைக் கசக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. நல்ல மனசு உள்ளவர்கள் மட்டும் 'முட்டை அண்ணே' என்று மரியாதை சேர்த்துக் கூப்பிட்டார்கள்.

வாயு பிறக்கும் இடம் ஆய்வகத்தின் பின்னால் ஒதுக்குப்புறமாக இருந்த சின்ன அறை. அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கண்ணாடிக் குடுவைகள் அடுக்கிய கருவி ஒன்று உண்டு. நடுக் குடுவையில் இரும்பு சல்ஃபைடு கட்டிகள். குழாயைத் திறந்தால் கீழே இருக்கும் அமிலம் ஏறி வந்து கட்டிகளைத் தொடும், வாயு புறப்படும். குழாயை மூடினால் அந்த வாயுவே அமிலத்தைக் கீழே தள்ளிவிட்டு அடங்கிக் கிடக்கும். திறந்தால் வேலை, மூடினால் ஓய்வு. இத்தனை ஒழுக்கத்தை அவர் மனிதர்களிடம்கூடப் பார்த்ததில்லை.

என்ன உப்பு என்று சொல்லாமல் ஒரு சிட்டிகை உப்பை மாணவர்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் அதைக் கரைத்து, வாயுவைச் செலுத்தி, அடியில் படிவதைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். கறுப்பாகப் படிந்தால் தாமிரமோ காரீயமோ. மஞ்சளாகப் படிந்தால் காட்மியம். ஆரஞ்சு நிறத்தில் படிந்தால் ஆன்டிமனி. காரக் கரைசலில் வெள்ளையாக விழுந்தால் துத்தநாகம். மூக்கைப் பொத்திக்கொண்டே வருவார்கள், வாயுவை வாங்கிக்கொண்டு தலைதெறிக்க ஓடுவார்கள். நின்று ஒரு வார்த்தை பேசியவர் என்று யாரையும் சொல்ல முடியாது.

இந்த வாயுவுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. முதலில் மூக்கைத்தான் சாகடிக்கும். கொஞ்ச நேரம் சுவாசித்துவிட்டால் நாற்றம் அடிப்பதே தெரியாமல் போகும். அதனால்தான் அது ஆபத்தானது. முட்டைக்கு வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அந்த நாற்றத்துக்கு மூக்கு மரத்துவிட்டது. தன் மேல் அது எவ்வளவு அடிக்கிறது என்பதை அவர் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

அப்படித் தெரிந்துகொண்ட முகங்களில் ஒன்று அவருடைய மகளுடையது. அவள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பில் இருந்தபோது, ஒரு நாள் வேலை முடிந்து நேரே அவளை அழைத்துவரப் போனார். அப்பாவைப் பார்த்ததும் ஓடி வந்தவள், பாதியிலேயே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். கூட இருந்த பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். பிள்ளை மறுநாளே மறந்திருக்கும். முட்டை மறக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்கு வந்தால் நேரே குளியலறைதான். குளித்துவிட்டு வந்தும் எட்டத்தான் உட்காருவார். பிள்ளை மடியில் ஏற வந்தால், "அம்மாகிட்ட போ கண்ணு, அப்பா மேல நாத்தம்" என்பார். சொல்லிச் சொல்லி அவள் வருவதை நிறுத்திவிட்டாள். தியாகம் செய்வதாக அவருக்கு எண்ணம். வறட்டுப் பிடிவாதம் என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். கேட்டால்தானே.

கல்லூரியிலும் இதே கதைதான். வருஷத்தில் ஒரு நாள் கரிமச் சேர்மங்களின் பாடத்தில் எஸ்டர் தயாரிப்பார்கள். ஆல்கஹாலையும் அசிட்டிக் அமிலத்தையும் சேர்த்து, சில துளி கந்தக அமிலம் விட்டு, வெந்நீரில் வைத்துச் சூடுபடுத்தி, சோடாக் கரைசலில் ஊற்றுவார்கள். ஆய்வகம் முழுக்கப் பழ வாசனை பரவும். மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்ப்பார்கள். புட்டிகளை எடுத்துவைத்த கையோடு முட்டை வெளியே போய் வராந்தாவில் நின்றுகொள்வார். நல்ல வாசனைக்கு நடுவில் தான் எதற்கு என்று. யாரும் அவரைப் போகச் சொன்னதில்லை. யாரும் கூப்பிட்டதும் இல்லை.

மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். வீட்டில் அவரும் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் மிஞ்சினார்கள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார், இன்னொன்றில் துணி கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்வாள். "சாப்டீங்களா?" "ம்." "உடம்பு?" "பரவால்ல." அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடாது. அவள் பேசி முடித்த பிறகும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தனிமை அவரைத் தின்றுகொண்டிருந்தது என்பதை அவரே ஒப்புக்கொள்வார், கேட்க ஆள் இருந்தால்.

மகளுக்குக் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் அறை வாசலில் நின்றே பார்த்துவிட்டு அன்று மாலை பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். பச்சைக் குழந்தை, அதன் மூக்கில் போய் இந்த நாற்றமா என்று பயம். தூக்க வேண்டும் என்று கை துடித்தது. கையைப் பையின் வாரில் சுற்றிக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகுதான் கல்லூரியில் பாடத்திட்டம் மாறியது. அந்த வாயு உடம்புக்கு ஆகாது என்று பாடத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். மூன்று குடுவைக் கருவியைக் கழுவி அலமாரியில் ஏற்றினார்கள். பின்னறைக்கு வெள்ளையடித்தார்கள். முட்டைக்கு இனி லிட்மஸ் தாள் வெட்டுவது, காப்பர் சல்ஃபேட் கரைப்பது போன்ற நாறாத வேலைகள். அவர் மனசுக்குள் ஒரே எண்ணம்தான் ஓடியது. நாற்றம் போய்விட்டால் பேரனைத் தூக்கலாம்.

போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சொந்த மூக்கு உதவாது. பக்கத்தில் வந்து மோந்து பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஒரு ஆள் அவருக்கு இல்லை. வேதியியல் பேராசிரியையிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மேடம், எம்மேல இன்னும் அந்த நாத்தம் வருதா?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே" என்றார் பேராசிரியை, மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே.

மரியாதைக்குச் சொல்கிறாரோ என்று முட்டைக்குச் சந்தேகம். மேசைக்கு இந்தப் பக்கம் வந்து பாருங்கள் என்று ஒரு அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அப்போதுதான் அந்த யோசனை வந்தது. உலகத்தில் வேறு யாருக்கும் வந்திருக்காது. லெட் அசிடேட் கரைசலில் நனைத்த தாளில் அந்த வாயு பட்டால் தாள் கறுத்துவிடும். தாளுக்கு மரியாதை தெரியாது, உள்ளதைச் சொல்லும்.

நாள் முழுக்கப் போட்டிருந்த சட்டையை ஒரு டப்பாவில் அடைத்து, நனைத்த தாளை மூடியின் உட்புறம் ஒட்டி, இறுக மூடி வைத்தார். காலையில் திறந்து பார்த்தால் தாள் வெள்ளையாகவே இருந்தது. அதை நம்பிவிட முடியுமா? தாளே கெட்டுப் போயிருக்கலாமே. ஆய்வகத்தில் சோதனைக்குழாயில் ஒரு துணுக்கு இரும்பு சல்ஃபைடு போட்டு, அமிலம் விட்டு, அதே தாளைக் குழாயின் வாயில் காட்டினார். பளபளவென்று கறுத்தது. ஆக, தாள் நல்ல தாள்தான். சட்டையில்தான் ஒன்றும் இல்லை. மனசு ஆறாமல் பனியன், துண்டு, தலையணை உறை என்று ஒவ்வொன்றாக டப்பாவில் அடைத்துப் பார்த்தார். எல்லாம் வெள்ளை. தலையணை உறையை மடித்து வைக்கும்போது கண் கலங்கிவிட்டது.

மகளுக்கு அவரே போன் செய்தார். அவர் போன் செய்வது அபூர்வம்.

"என்னப்பா, உடம்புக்கு ஏதாவதா?" என்று பதறினாள்.

"ஒண்ணுமில்லம்மா. பேரனப் பாக்க வரலாம்னு."

"வாங்களேன்" என்றாள். குரலில் ஆச்சரியம்.

பஸ்ஸில் எப்போதும் கடைசி வரிசை மூலையில் ஒடுங்குகிறவர், அன்று நடுவில் இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் போய்த் தைரியமாக உட்கார்ந்தார். வழியில் ஏறிய யாரோ ஒருவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் தூங்கி, முட்டையின் தோளிலேயே தலையைச் சாய்த்துவிட்டார். வேறு யாராவது என்றால் தோளை உலுக்கியிருப்பார்கள். முட்டை அசையவில்லை. தோள் மரத்துப்போனது, இருந்தாலும் அசையவில்லை. அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. முன்பின் தெரியாத ஆளின் தலைக்கா இத்தனை மகிழ்ச்சி என்று கேட்கிறவர்களுக்குப் பக்கத்தில் எப்போதும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

மகள் வீடு இரண்டாவது மாடியில். கதவைத் திறந்தவள் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். முட்டை பையைக் கீழே வைத்தார், கையைக் கழுவிவிட்டு வந்தார், இரண்டு கையையும் நீட்டினார். மகள் ஒரு கணம் அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு குழந்தையைக் கொடுத்தாள்.

குழந்தை கனமாக, வெதுவெதுப்பாக இருந்தது. அவர் முகத்தை உற்றுப் பார்த்தது. உதடு பிதுங்கியது. அடுத்த நொடி வீறிட்டு அழ ஆரம்பித்தது. முதுகை வளைத்துக்கொண்டு அம்மாவின் பக்கம் தாவியது.

முட்டைக்கு முகம் வெளுத்துவிட்டது. "இன்னும் போகலியாம்மா?"

"என்ன போகல?"

"நாத்தம்."

மகளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குனிந்து அவர் தோளில் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். "சோப்பு வாசனதாம்ப்பா வருது."

"பின்ன ஏன் இப்படி அழறான்?"

"புது ஆளுல்ல, அதான்" என்றாள், குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டே. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரைப் பார்த்துக் குழந்தை அழுதாலும் இதே குரலில்தான் சொல்லியிருப்பாள். அவளுக்கு மனசில் ஒன்றும் இல்லை.

அம்மாவின் தோளுக்குப் போனதும் குழந்தை அடங்கிவிட்டது. முட்டை வாசலுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை வருஷமும் எல்லாப் பழியையும் அந்த வாயுவின் மேல் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது போட ஒன்றும் இல்லை.

"நீ சின்னதுல எங்கிட்ட வந்தா இப்படித்தான் அழுவியா?" என்று கேட்டார்.

மகள் உண்மையாகவே யோசித்தாள். "தெரியலப்பா. நீங்க தூக்கினதே எனக்கு ஞாபகம் இல்ல."

அதில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் குழந்தையின் முதுகைத் தட்டியபடி, "பிள்ளைங்க அப்படித்தாம்ப்பா. நாலு நாள் கூடவே இருந்தா தானா பழகிடும்" என்றாள். பிறகு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். "சாயங்கால பஸ்ஸுக்குத்தான கிளம்புறீங்க?"

"அவன் பழகற வரைக்கும் இருக்கட்டுமாம்மா?"

மகள் தட்டுவதை நிறுத்தினாள். "இருங்கப்பா, தாராளமா இருங்க" என்றாள் அவசரமாக. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டு தலையணையோடு வந்து கதவருகில் நின்றாள்.

"உங்களுக்குத் தலகாணி ஒசரமா வேணுமாப்பா, தாழ்வாவா?"

"எதுவானாலும் சரிம்மா" என்றார் அவர்.