மை வைத்த விரல்

பிள்ளைகளா, தூத்துக்குடி தோணித்துறை பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஓட்டுப்போட்ட மறுநாள். பொழுது சாய்கிறது, கடற்கரையில் காற்றே இல்லை.

கடை ரேடியோவில் ஏதோ வெளிநாட்டு நிலையத்தின் தமிழ்ச் செய்தி. இந்தியாவில் இறந்தவர்கள் பெயரில் ஓட்டு விழுந்திருக்கிறதாம். இங்கே ஜனநாயகம் இன்னும் பக்குவப்படவில்லையாம். அடுத்தது அவர்கள் நாட்டுத் தேர்தல். அங்கேயும் அதே புகார்தான். அதற்கு மட்டும் ஆதாரம் இல்லையாம்.

"அவன் ஊர்ல செத்தவன் ஓட்டுப் போட்டா வதந்தி, நம்மூர்ல போட்டா மோசடி. நல்லாருக்குல்லா அண்ணாச்சி" என்று கடைக்காரர் சிரிக்கிறார்.

பக்கத்தில் இருக்கும் அந்தோணி சிரிக்கவில்லை. இங்கே சங்கு குளிப்பவர் கடலில் மூழ்கும்போது, அவர் இடுப்பில் கட்டிய கயிற்றைத் தோணியிலிருந்து மச்சினன்தான் பிடிப்பாராம். தன் தங்கையை விதவையாக்க மாட்டார் என்ற நம்பிக்கை. போன வருஷம் அந்தோணி பிடித்த கயிறு வெறுங்கயிறாக மேலே வந்தது. தங்கை கணவரின் உடல் கிடைக்கவில்லை.

"நேத்து பூத்துல என் தங்கச்சிகிட்ட, ஒன் வீட்டுக்காரரு காலையிலயே வந்து போட்டுட்டுப் போயிட்டாருன்னு சொல்லிட்டாங்க. அது மோசடின்னு அவகிட்ட நான் எப்படி அண்ணாச்சி சொல்லுதது? இத்தனை மாசத்துல நேத்துத்தான் சிரிச்சா."

அந்தத் தங்கை கரையோரமாக வருகிறார். எதிர்ப்படும் ஒவ்வொரு ஆணின் இடதுகையையும் குனிந்து பார்க்கிறார். மை இருந்தால் முகத்தைப் பார்க்கிறார். எல்லோரும் விரலை நீட்டுகிறார்கள்.

நானும் நீட்டுகிறேன். நம் ஊரில் வைத்த மை அப்படியே இருக்கிறது. அவர் மெல்லத் தலையை நிமிர்த்துகிறார்.