பிரதம அதிதி வரும்வரை

எங்கள் பாடசாலை எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் மட்டும் சண்டைக்கு வருவார்கள். சொல்லாவிட்டால் ஊவா மாகாணம் முழுவதும் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்ளும். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. பெண் பிள்ளைகள் மட்டும் படிக்கும் பாடசாலை. பாதிப் பேர் கடைத்தெருப் பக்கமிருந்து நடந்து வருவார்கள். மீதிப் பேர் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து, விடிந்தும் விடியாததுமாக லயத்து வரிசை வீடுகளை விட்டு இறங்கி, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவார்கள். நான் அங்கே பதினொரு வருடமாகத் தமிழ் கற்பிக்கிறேன். ஓய்வறையில் இருக்கும் மற்ற ஆசிரியைகளைவிட நான் ஒரு படி மேல் என்று எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்புக்கு என்ன ஆனது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

காலைக் கூட்டத்தில் செய்தி வாசிப்பது எங்கள் பாடசாலைகளில் ஒரு சடங்கு. வழிபாடு முடிந்து, நற்சிந்தனை முடிந்து, ஒரு மாணவி ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து உலகச் செய்தி, உள்நாட்டுச் செய்தி, விளையாட்டுச் செய்தி என்று வாசிப்பாள். வெயிலில் நிற்கும் ஐந்நூறு பிள்ளைகளில் ஒருத்தியும் கேட்பதில்லை. முதல் நாள் பத்திரிகையைப் பார்த்துக் கொப்பியில் எழுதி, பின்னேரம் பொறுப்பாசிரியையிடம் காட்டி, சிவப்புப் பேனையால் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்தில்லாமல் ஒரு வரியும் வாசிக்கக் கூடாது என்பது அதிபர் மேடத்தின் கட்டளை. அந்தப் பொறுப்பாசிரியை நான்.

முதல் வருடம் ஒவ்வொரு வரியாக வாசித்து எழுத்துப் பிழை திருத்தினேன். இரண்டாம் வருடம் தலைப்புகளை மட்டும் பார்த்தேன். அதற்குப் பிறகு பிள்ளை கொப்பியை நீட்டுவாள், நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்காமலே கையெழுத்துப் போடுவேன். யாரோ இரண்டு நாட்டுத் தலைவர்கள் கைகுலுக்கியதை நான் எதற்கு வாசிக்க வேண்டும்?

இனி மலசலகூட விவகாரம். பழைய மலசலகூடத்துக்கு மலையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீர்தான். அடைமழை ஒன்றில் மேட்டிலிருந்து மண் சரிந்து குழாயை வாரிக்கொண்டு போனது. தண்ணீர் நின்ற நான்கு நாளில் அந்தப் பக்கம் மூக்கைப் பொத்தாமல் போக முடியவில்லை. அதனால் பெரிய பாதகம் ஒன்றும் வந்திருக்கக் கூடாது. ஏனென்றால் நல்ல மனிதர்கள் சிலர் காசு போட்டு, மைதான ஓரத்தில் எட்டுக் கதவுகளுடன் புதிய மலசலகூடம் ஒன்றைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ரோஸ் நிறத் தரையோடு, தனித் தண்ணீர்த் தாங்கி, கை கழுவும் தொட்டி, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் இருந்தன. முன் சுவரில் பளிங்குப் பெயர்க்கல்லும் பதித்து, அதை மஞ்சள் துணியால் மூடியும் வைத்திருந்தார்கள்.

அந்தக் கல்லில்தான் சனியன் பிடித்திருந்தது. பிரதம அதிதியின் பெயர் அதில் வெட்டப்பட்டிருந்தது. அவர் வந்து நாடா வெட்டித் துணியை விலக்க வேண்டும். அவரோ திகதி தரவில்லை. எட்டுக் கதவுகளுக்கும் எட்டுப் பூட்டு, சாவிக் கொத்து அதிபரின் மேசை இலாச்சியில்.

“தொறக்காத கட்டடத்தப் புள்ளைங்க பாவிச்சு நாறடிச்சிட்டா, வர்றவரு என்ன நினைப்பாரு, மிஸ்?” என்று அதிபர் கேட்டார். வருகிறவர் மலசலகூடத்துக்குள் போய் உட்காரப் போகிறாரா என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. ஆசிரியைகளுக்குத் தனியாக ஒன்று இருந்தது. காவலாளி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பி வைப்பார். அதனால் ஓய்வறையில் யாருக்கும் இது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை.

பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த வழியைப் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் வீட்டில் காலைத் தேத்தண்ணியையும் தொடாமல் வந்தார்கள். மாதத்தின் அந்த நாட்கள் வந்தவர்கள் பாடசாலைக்கே வரவில்லை. வரவு இடாப்பில் வரிசையாகச் சிவப்பு வட்டம் விழுந்தது. தரம் பத்துப் பிள்ளை ஒருத்தி சிறுநீர்த் தொற்று வந்து, காய்ச்சலில் நடுங்கி, பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். “இந்தத் தோட்டத்துப் புள்ளைங்களுக்குச் சுத்தமே தெரியாது” என்று ஓய்வறையில் ஒருத்தி பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே சொன்னாள். நானும் லயத்தில் பிறந்தவள்தான். அதை நான் அங்கே யாரிடமும் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை.

இந்த அழகில் மாணவர் நலன் வாரம் வந்தது. கல்வி வலயத்திலிருந்து சுற்றறிக்கை வந்தால் எங்கள் அதிபருக்குத் தலைகால் புரியாது. சுவரில் சிரிக்கிற முகங்கள் வரைந்தார்கள். பழைய மாணவி ஒருவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்கினார்கள். ஆம், தண்ணீர்ப் போத்தல். ‘நிறைய நீர் அருந்துவோம், நலமாய் வாழ்வோம்’ என்று அதில் அச்சடித்திருந்தது. அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்ததும் நான்தான். தமிழ் மிஸ் இருக்கும்போது வேறு யாரிடம் கேட்பார்கள்?

பாடசாலையின் பேஸ்புக் பக்கத்துக்குப் படம் எடுக்கும் வேலையும் எனக்கு. பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, எல்லோரும் ஒரே நேரத்தில் குடியுங்கள் என்றேன். ஐந்நூறு போத்தல்கள் வாய்க்குப் போயின. படம் அருமையாக வந்தது. போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். முன் வரிசையில் ஒருத்தியும் விழுங்கவில்லை. உதட்டில் வைத்துக்கொண்டு எனக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்படியே பதிவேற்றி, ‘மாணவியரின் நலனே எமது முதற்பணி’ என்று மேலே எழுதினேன். மணியடித்ததும் எல்லோரும் போத்தல்களை அந்தூரியத் தொட்டிகளில் கவிழ்த்துவிட்டு வகுப்புக்குப் போனார்கள். அந்த வாரம் எங்கள் பாடசாலையில் அந்தூரியம் மட்டும் நலமாக இருந்தது.

வாரத்தின் கடைசி நாள் காலைக் கூட்டத்துக்கு வலயத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மாலை, வெற்றிலை, பக்கத்தில் அதிபரின் முப்பத்திரண்டு பல். அன்று செய்தி வாசித்தவள் தரம் பதினொன்று மாணவி, மாணவத் தலைவி. அவள் தோட்டம் பசறைக்கும் அப்பால், பஸ்ஸை விட்டு இறங்கி இன்னும் இரண்டு மைல் ஏற வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்கு ஏழு வாரம் இருந்தது. அவள் உலகச் செய்தி வாசித்தாள். பிறகு உள்நாட்டுச் செய்தி. அதே குரலில், அதே வேகத்தில், இதையும் வாசித்தாள்.

“எமது பாடசாலையில் கட்டி முடிக்கப்பட்ட புதிய மலசலகூடம் இருபத்தாறாவது நாளாகவும் பூட்டப்பட்டுள்ளது. இதனால் மாணவியர் காலை முதல் வீடு திரும்பும் வரை நீர் அருந்துவதைத் தவிர்த்து வருகின்றனர். மாணவி ஒருவர் வைத்தியசாலையில் சிகிச்சை பெற்று வருகிறார். பிரதம அதிதியின் திகதி கிடைத்ததும் மலசலகூடம் திறக்கப்படும் என அறியப்படுகிறது. அடுத்து, விளையாட்டுச் செய்திகள்.”

பதினொரு வருடத்தில் முதல் முறையாக ஐந்நூறு பிள்ளைகளும் செய்தியைக் கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாசிப்பு முடிந்ததும் பழக்க தோஷத்தில் கைதட்டினார். அவர் தட்டியதால் நாங்களும் தட்டினோம்.

முதலாம் பாடம் முடிவதற்குள் அவளும் நானும் அதிபரின் அறையில் நின்றோம். கொப்பி மேசையில் விரிந்து கிடந்தது.

“இது ஒங்க கையெழுத்துதானே, மிஸ்?”

என் கையெழுத்துத்தான். அந்த வரிகளுக்கு நேர் கீழே, வாலை நீட்டி இழுத்த சிவப்புக் கையெழுத்து. வாசிக்காமல் வைத்தேன் என்று சொன்னால் என் பேர் கெடும். வாசித்துவிட்டு வைத்தேன் என்றால் அதிபருக்கு எதிரியாவேன். மூன்றாவதாக ஒன்று என் வாயில் தயாராக இருந்தது. அது அவ்வளவு சீக்கிரம் வந்ததைத்தான் இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

“நான் பார்க்கிறப்போ இது இருக்கல மேடம். பொறகு சேர்த்திருக்கா.”

பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கணக்கு விடை பிழைத்தால் பார்ப்பார்களே, எங்கே பிழைத்தது என்று, அப்படிப் பார்த்தாள். மறுக்கவில்லை.

“கையெழுத்துக்கு மேல களவா எழுதிப் பள்ளிக்கூடத்து மானத்த வாங்கிட்டே” என்றார் அதிபர். மாணவத் தலைவிச் சின்னத்தை அங்கேயே கழற்ற வைத்தார். “நாளைக்கு அம்மாவக் கூட்டிட்டு வா. விடுகைப் பத்திரத்தக் குடுத்து அனுப்பிடுறேன். எந்தப் பள்ளிக்கூடத்துல ஒன்னச் சேர்க்கிறாங்கன்னு பார்ப்போம்.” பரீட்சைக்கு ஏழு வாரம். அவளை யாரும் சேர்க்கப் போவதில்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நான் வகுப்புக்குப் போய் தரம் எட்டுக்கு வாய்மை அதிகாரம் நடத்தினேன். அன்றைய பாடம் அதுதான். நான் தேடி எடுத்ததல்ல.

மறுநாள் சனிக்கிழமை. பரீட்சை வகுப்புக்காக நாங்கள் வந்திருந்தோம். அவள் அம்மா கொழுந்து எடுக்கிறவர். அன்றைய பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு, இஸ்திரி மடிப்புக் கலையாத சேலையில் வந்திருந்தார். அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. அதிபர் உட்காரச் சொல்லவில்லை. ஒழுக்கம், பாரம்பரியம், பாடசாலையின் நற்பெயர் என்று வாய் கிழியப் பேசினார். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

“எம் புள்ள வாசிச்சது பொய்யிங்களா, டீச்சரம்மா?”

“பொய்யா நெசமாங்கிறது இல்ல இங்க விசயம். மேடையில சொல்லலாமா?”

அம்மா தலையாட்டினார். கெஞ்சப் போகிறார் என்று நினைத்தேன். தோட்டத்துப் பெற்றோர் எங்கள் அறைகளில் கெஞ்சித்தான் எனக்குப் பழக்கம்.

“மலையில எங்களுக்குக் கக்கூஸ் இல்லீங்க. காலையில பேரு பதியப் பெரட்டுக்குப் போனா, சாயங்காலம் லயத்துக்கு வர்ற வரைக்கும் அடக்கிக்கிட்டுத்தான் கொழுந்து எடுக்கிறோம். தண்ணி குடிக்க மாட்டோம். எனக்கு இந்த வயசுலயே கிட்னி கெட்டுப்போச்சுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. இவளுக்கு அந்தப் பாடு வேணாமுன்னுதாங்க இங்க அனுப்புனேன். இங்கயும் அதேதான்னா நான் மலைக்கே கூட்டிட்டுப் போயிடுறேன். அங்கயாச்சும் சம்பளம் குடுப்பாங்க.”

என் அம்மாவும் அப்படித்தான் மலையில் நின்றார். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் மூன்று பேரைப் படிக்க வைத்தார். அது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு அங்கே நின்றவள் நான். நேற்றுச் சொன்னது பொய் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. மேசையில் கிடந்த பேனையை எடுத்து நேராக வைத்தேன்.

அதிபருக்குப் பயம் வந்துவிட்டது. வெட்கமல்ல, பயம். இந்தப் பொம்பளை தோட்டத்தில் போய்ச் சொல்லி, தொழிற்சங்கத்துக்காரன் எவனாவது கமராவோடு வந்தால்? “சரி சரி, புள்ளையோட எதிர்காலத்த நெனச்சு இந்தத் தடவ விடுறேன்” என்று பெரிய மனது பண்ணினார். சின்னத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை எட்டுக் கதவுகளும் திறந்தன. செய்தி வாசிப்பு அன்றோடு நிறுத்தப்பட்டது. இரண்டு மாதம் கழித்து பிரதம அதிதி ஒருவழியாகத் திகதி தந்தபோது, கழுவி மினுக்குவதற்காக மூன்று நாள் மறுபடி பூட்டி வைத்தார்கள். அவர் நாடாவை வெட்டி, துணியை விலக்கி, வாசலோடு திரும்பிப் போனார். அந்தச் செய்தியையும் பேஸ்புக்கில் நான்தான் எழுதினேன்.

ஆனால் எனக்கு மறக்காதது அந்தத் திங்கட்கிழமைதான். இடைவேளையில் மலசலகூடத்துக்கு முன்னால் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். ஒழுங்கு பார்க்க என்னை அனுப்பியிருந்தார்கள். அவளும் வரிசையில் நின்றாள். பக்கத்தில் போய், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், பெரிய அக்கறை உள்ளவள்போலக் கேட்டேன்.

“இவ்வளவு கஷ்டம்னா, மொதல்ல எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே?”

அவள் யோசித்துவிட்டு மரியாதையாகவே சொன்னாள்.

“சொன்னேனே மிஸ். கொப்பியில எழுதிக் கொண்டாந்து குடுத்தேன். நீங்க அந்த வரிகள வெட்டிட்டு, மேடத்துகிட்ட போய்க் கதைப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க. அப்ப வாசிக்கத்தான் சொல்றீங்கன்னு எங்க வகுப்பே சந்தோசப்பட்டுச்சு.”

அவளுடைய முறை வந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.