தறிக்குழியில் கிடந்த மாத்திரைகள்

காலை எட்டு மணிக்கு என் போனில் அலாரம் அடித்ததும் மூன்று வயது மகள் தண்ணீர் டம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். பாதி வழியிலேயே சிந்திவிடும். மிச்சத் தண்ணீரில் நான் எச்.ஐ.வி. மாத்திரையை விழுங்குவேன். என் கணவருக்கு எல்லாம் தெரியும். மகளுக்கு எடுத்த பரிசோதனைகள் அத்தனையிலும் தொற்று இல்லை என்றே வந்தது. இருந்தும் அந்தத் தாள்களை பீரோவிலிருந்து அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன். இப்படிப் பார்ப்பது சரியா தப்பா தெரியவில்லை. எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் உண்டு, மாத்திரை ஒன்றைத் தவிர. அதில் நான் ஒருநாளும் தவறுவதில்லை. அந்தப் பழக்கம் ஓர் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் தொடங்கியது.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா இல்லை. அம்மாவும் நானும் ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டில் மாமா வீட்டில் இருந்தோம். மாமா, அம்மாவின் தம்பி. கூடத்தில் பட்டுத்தறி போட்டிருந்தார். அம்மா ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவாள். அதனால் இரவு மாத்திரை அம்மா முன்னால். காலை மாத்திரை மாமா பொறுப்பு. பொறுப்பு என்றால், நெய்தபடியே "பாப்பா, போட்டுகினியா?" என்பார். "போட்டுகினேன் மாமா" என்பேன். அவ்வளவுதான்.

ரத்தத்தில் சத்தில்லை, அதற்குத்தான் மாத்திரை என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் எய்ட்ஸ் பற்றிப் பேச யாரோ வந்தார்கள். பலகையில் ஒரு சிவப்பு ரிப்பன் படத்தை ஒட்டினார்கள். மாதாமாதம் வேலூரில் நாங்கள் மாத்திரை வாங்கும் ஆஸ்பத்திரிச் சுவரில் அதே படம் இருந்தது. நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன்: இந்த மாத்திரையைப் போடுகிறவர்களுக்குத்தான் அந்த நோய். போடாவிட்டால் இல்லை.

மறுநாளிலிருந்து காலை மாத்திரையைத் தறிக்குழியில் போட்டேன். நெய்கிறவர் கால்களை இறக்கி மிதிக்கிற குழி அது. எப்போதும் இருட்டாக இருக்கும். மாமாவின் கால் படாத மூலையாகப் பார்த்துப் போட்டேன். டப்பாவில் எண்ணிக்கை சரியாகவே குறைந்தது. ஆயுத பூஜைக்குத் தறியைத் துடைத்து, குழியையும் பெருக்கி மெழுகுவார்கள் என்பது மட்டும், நெசவு வீட்டில் வளர்ந்த எனக்கு நினைவுக்கு வரவில்லை.

எதிர்வீட்டு அத்தை ஒல்லியானவள். ஒத்தாசைக்கு வந்தவள் துடைப்பத்தோடு குழிக்குள் இறங்கி, முறத்தோடு மேலே வந்தாள். முறத்தில் கழிவு நூல், உடைந்த சீப்பு, நடுவில் ஈரத்தில் ஊதிப்போன வெள்ளை மாத்திரைகள்.

"இன்னாடா இது, எலி மருந்தா?"

அம்மா கையிலிருந்த குங்குமக் கிண்ணம் அப்படியே நின்றது. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். மாமா என்னை ஒருமுறை பார்த்தார்.

"என்னுதுதான்க்கா. பிரஷர் மாத்திர."

"உனக்கா பிரஷரு? கடா மாதிரி கீற!"

"டாக்டரு குடுத்தாரு. கசக்குதுன்னு குழியில போட்டுட்டேன்."

"எத்தினி நாளா?" என்றாள் அம்மா.

"அஞ்சி நாளு" என்ற மாமா என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். "பத்து இருக்குமா?" மறுபடி பார்த்தார். "இருபது?"

நான் லேசாகத் தலையசைத்தேன்.

"ஆங், இருபது" என்றார் உறுதியாக.

"இன்னாடா, ஏலம் வுட்டுகினு கீற?" என்று அத்தை சிரித்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. "நிறுத்துனா உள்ள கீறது மறுபடி தலைதூக்கும்னு சொன்னாங்களே, காதுல வாங்குனியா? அப்புறம் இந்த மாத்திரைக்கே அது அடங்காதுன்னாங்களே! நீ பூட்டா நான் யாருக்குடா வேலைக்குப் போறேன்?"

முப்பது வயது மனிதர் ஒட்டடைக் கம்போடு நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நான் தப்பித்துவிட்டதாக நினைத்தேன். ஒரு கட்டத்தில் எனக்குச் சிரிப்புகூட வந்தது என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பூஜை முடிந்ததும் அம்மா என்னை வேலூருக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அக்கா ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார். ரிப்பன் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, நோயின் பெயரை என்னிடமே சொன்னார். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. பழைய மாத்திரையே கேட்கும் என்று வந்த அன்று, பஸ் ஸ்டாண்டில் எனக்கும் அவளுக்குமாக நாலு பரோட்டா வாங்கினாள்.

அதற்குள் எதிர்வீட்டு அத்தை தன் வேலையைத் தொடங்கியிருந்தாள். தினமும் எட்டு மணிக்கு வாசலில் வந்து நிற்பாள். "டேய், போட்டியாடா?" மாமா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "தொணைக்கு நீயும் வா பாப்பா" என்பார். இருவரும் ஒன்றாக விழுங்குவோம். "ரெண்டு பேரும் வாயத் தொற. நாக்கத் தூக்கு. ம், ஜல்தி!" பார்த்து முடித்ததும் எங்கள் வீட்டு டம்ளரிலேயே டீ குடித்துவிட்டுப் போவாள். மழையிலும் வந்தாள். எனக்குக் கல்யாணம் ஆகும்வரை வந்தாள்.

கல்யாணத்துக்கு வீட்டை ஒழித்தபோது, அலமாரியில் மாமாவின் காலி மாத்திரை அட்டைகள் ஒரு பை நிறையக் கிடைத்தன. எல்லாமே சத்து மாத்திரை. அம்மாவிடம் காட்டினேன்.

"அவனுக்கு ஏதுடி பிரஷரு? எதிர்வூட்டு அக்காதான் மாசாமாசம் வாங்கியாந்து குடுக்கும்."

"அத்தைக்குத் தெரியுமா?"

"உங்கப்பா இந்த நோவுல பூட்டப்பவே தெரியும்."

எலி மருந்தா என்று கேட்ட நொடியில் அவளுக்குப் புரியாமல் இருந்திருக்கலாம். மாமா ஏலம் விட்டபோது கட்டாயம் புரிந்திருக்கும். அன்றிலிருந்து தினமும் கேள்வியை மாமாவிடம்தான் கேட்டாள். பார்வை மட்டும் என் தொண்டைமேல் இருக்கும், மாத்திரை இறங்கும்வரை. இந்த அத்தைக்கு மாமா மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டே நான் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் ஓடுவேன்.