பெற்றோர் துணையோடு பார்க்கலாம்

மனிதர்களைப் பயமுறுத்த எனக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதிலேயே கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, போலீஸ் வேலையில் இருந்த என் சித்தப்பாவை அலற வைத்தவள் நான். அதனால் முதல் படமாகப் பேய்ப்படம் எடுக்கப் போகிறேன் என்றபோது வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. "அதுக்குன்னே பொறந்தவ" என்றார் சித்தப்பா.

கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டில் எடுத்தோம்; அங்கே ஊர்ப்பகுதியை நாடு என்பார்கள். கதையில் வரும் குழந்தையாக நடிக்க அங்கேயே ஒன்பது வயதுச் சிறுமி கிடைத்தாள். மரவள்ளியும் மிளகும் போடுகிற குடும்பம். அவளை நடிக்க விட அவள் அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

"படம் வந்தா எம்புள்ளையத் தியேட்டர்ல உக்கார வெச்சுக் காட்டோணுமுங்க. போன்ல காட்டி ஏமாத்தப்படாது."

கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

எடிட்டிங் முடிகிற நேரத்தில் தயாரிப்பாளர் குட்டையைக் குழப்பினார். போர்வெல் லாரி விட்டுச் சம்பாதித்தவர். எதற்கும் இன்னும் கொஞ்சம் ஆழம் போக வேண்டும் என்பார்.

"இதை யாருங்க பார்க்கப் போறாங்க? இளவட்டம்தானுங்க. அந்தக் கெணத்துக் காட்சியில இன்னும் ரத்தத்தை ஊத்துங்க. ‘ஏ’ சர்டிபிகேட் வரட்டும், அதுவே நமக்கு வெளம்பரம்."

எனக்கு வந்ததே கோபம்! ‘ஏ’ என்றால் பதினெட்டு வயது ஆகாதவர்கள் தியேட்டருக்குள் நுழையவே முடியாது. நடித்த பிள்ளைக்கே வாசலில் தடை. என் சத்தியம் என்ன ஆவது? "யார் பார்ப்பாங்கன்னு நான் கண்டுபிடிச்சுட்டு வாரேன், அதுவரைக்கும் சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு, ஹார்ட் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு மலைக்கு பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு அவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

வாழவந்தி நாட்டில் ஒரு சமுதாயக் கூடத்தைக் கேட்டு வாங்கினேன். ஞாயிறு மதியம், ஜன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கினோம். பெண்கள், பிள்ளைகள், டூவீலரில் வந்த இளவட்டம் என்று கூடம் நிறைந்துவிட்டது. அந்தச் சிறுமியும் அம்மாவோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். நான் திரையைப் பார்க்கவில்லை. திரைக்கு ஓரமாக, ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்தேன். படம் முடிந்த பிறகு கேட்டால் எல்லோரும் மரியாதைக்கு "நல்லா இருந்துச்சுங்க" என்றுதான் சொல்வார்கள்.

கிணற்றுக் காட்சி வந்தது. ரத்தம் பொங்கியது. "தக்காளித் தொக்குடோய்!" என்று ஒருவன் கத்த, கூடமே சிரித்தது. தயாரிப்பாளர் நம்பிய இளவட்டம்தான் அதிகமாகச் சிரித்தது.

அடுத்தது குரல் வரும் காட்சி. குழந்தை அம்மாவோடு சமையலறையில் இருக்கிறாள். அப்போது வெளியே மிளகுத் தோட்டத்திலிருந்து அதே அம்மாவின் குரலில் பேய் கூப்பிடும்: "சாமி... வா சாமி." எங்கள் பக்கம் பெற்ற பிள்ளையைச் சாமி, கண்ணு என்றுதான் கூப்பிடுவோம். சென்னையில் டப்பிங் பேச வந்தவர்களோ கோயில் வாசலில் நின்று கும்பிடுகிற மாதிரி கூப்பிட்டார்கள். கடுப்பாகிப்போய், படத்து அம்மாவுக்கும் பேய்க்கும் சிறுமியின் அம்மாவையே பேச வைத்துப் பதிவு செய்திருந்தேன். "பேய்க்கா? கூப்புட்டாப் போச்சு" என்று சிரித்துக்கொண்டே பேசிக் கொடுத்தார். பிள்ளை அப்போது பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

அந்தக் குரல் வந்ததும் கூடம் கப்சிப். பெண்கள் ஒவ்வொருவராகப் பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்கள். அடிச்சேன் பார் என்று குதிக்காத குறை! என் படத்துக்கு ஆட்கள் இவர்கள்தான். பிள்ளை பெற்றவர்கள். கிணற்று ரத்தத்தைத் துடைத்துவிட்டால் ‘யு/ஏ பதிமூன்று’ வாங்கலாம். பதிமூன்று வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களே பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டலாம்.

அப்போதுதான் அந்தச் சிறுமியைப் பார்த்தேன். அதுவரை தன்னைத் திரையில் பார்த்துக் கெக்கலித்துக்கொண்டிருந்தவள், திரையைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்த அம்மாவைப் பார்த்தாள். அணைக்க வந்த கையிலிருந்து நழுவி, என் பக்கம் ஓடிவந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"ஏஞ்சாமி? இங்க வா சாமி" என்றார் அம்மா.

அதே சொல், அதே குரல். பிள்ளை வீறிட்டாள்.

அன்று சாயங்காலம் அம்மா சோறு உண்ணக் கூப்பிட்டும் அவள் வரவில்லை. மறுநாளும் அப்படித்தான். அப்பா கூப்பிட்டால் மட்டும் வந்தாள்.

"பேய்க்குன்னு தெரிஞ்சுதானுங்கக்கா கூப்புட்டேன்" என்று அந்த அம்மா அழுதார். "எம்புள்ளைக்கு அது தெரியாதில்லீங்க."

பெற்றோர் துணை இருந்தால் போதும் என்பதுதான் ‘யு/ஏ’ சொல்வது. நான் அந்தத் துணையையே அல்லவா பேயாக்கி வைத்திருந்தேன்!

காட்சியை வெட்டவில்லை. அவ்வளவு நல்ல காட்சியை வெட்ட எனக்கென்ன பைத்தியமா? குரலை மட்டும் மாற்றினேன். மைக்கோடு மறுபடி மலையேறி, அந்தப் பிள்ளையை எதிரில் உட்காரவைத்து, படத்து அம்மா பேசும் நாலு வரியோடு பேய் கூப்பிடுவதையும் நானே என் தொண்டையில் பேசினேன். கண் கொட்டாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தியதும், "நீங்கதானா அது?" என்று கேட்டாள். "நானேதான்" என்றேன்.

கூடத்துப் பெண்களைப் பற்றிக் கேட்ட தயாரிப்பாளர், "அப்ப ரத்தத்தைத் தொடைச்சுடுங்க" என்றார். ‘யு/ஏ பதிமூன்று’ கிடைத்தது. நாமக்கல்லில் மேட்னி ஷோ. குரல் வந்தபோது தியேட்டரே மூச்சு விடவில்லை. அந்தப் பிள்ளை மட்டும் அம்மாவின் கையை எடுத்துத் தன் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, என்னை ஒரு முறை முறைத்தாள்.

படம் விட்டு வெளியே வந்ததும், கூட்டத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தவளை, "சாமி, இங்க வா" என்று நான் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தவள் எடுத்தாள் ஓட்டம். பிறகு அவள் அம்மா கூப்பிட்டார். வந்துவிட்டாள்.